இடது ஸ்பீக்கர் ஒரு சாண் முன்னால்

திலீப்,

நேற்று உன் புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டு நானும் அப்பாவும் கிளம்பும்போது, லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டு, "ஏம்மா ஒரு மாதிரியா இருக்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபமாக இருந்தேன். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறி, சில்க் போர்டு நெரிசலில் நின்று நின்று, தொம்மலூரில் நம் வீடு வந்து சேர்வதற்குள் தணிந்துவிடும் என்று பார்த்தேன். தணியவில்லை. தூங்கி எழுந்த பிறகும் அப்படியே இருக்கிறது. இதை நேரில் சொல்லலாம். சொன்னால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். "அம்மா, சில்" என்று தோளில் கை போடுவாய், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாய், நானும் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். உன் கை எட்டாத இடத்திலிருந்து பேச வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அல்ல. நீ கட்டிக்கொள்ளப்போகிற யமுனாவுக்கும் ஒரு பிரதி போகிறது. மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற மற்ற அம்மாக்களும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன். அந்த அளவுக்குத்தான் இரக்கம் மிச்சமிருக்கிறது. இந்த மாதிரிக் கடிதங்களில் எங்காவது ஓரிடத்தில் தாய் மகனிடம் மன்னிப்புக் கேட்பாள். இதில் அதைத் தேடாதே.

நேற்று நடந்ததை முதலில் சொல்கிறேன். நீ அங்கேதான் இருந்தாய், ஆனால் நீ உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது தெரிந்திருக்காது. பால் பொங்கியது. யமுனாவின் அம்மா சர்க்கரை போட்டு, எல்லோருக்கும் காகிதக் கப்பில் ஊற்றிக் கொடுத்தார்கள். கப்பைக் கீழே வைப்பதற்குள் நீ அந்த இரண்டு பெட்டிகளையும் பிரித்து, ஆள் உயர ஸ்பீக்கர்களை ஹாலுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாய். வீட்டில் அதுவரை வந்திருந்த சாமான் ஒரு கேஸ் அடுப்பு, ஒரு பாத்திரம், ஒரு சாமி படம். யமுனாவின் அம்மா ஸ்பீக்கர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரெண்டு துவாரபாலகரு நிக்கறாங்க, சாமி எங்க மாப்ள?" என்றார்கள். எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்துக்கொண்டே, புதிதாக வாங்கியிருந்த ஒற்றை நாற்காலியை இழுத்து, இரண்டுக்கும் எதிரே நட்டநடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டாய். கேள்விக்கு அதுதான் பதில் என்பது உனக்குத் தோன்றவில்லை. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார்கள். நான் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டேன்.

உட்கார்ந்த பிறகு, நகர்த்தி முடிகிறவரை நீ எழுந்திருக்கவில்லை. யமுனாதான் நகர்த்தினாள். பட்டுப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவ்வளவு கனமான பெட்டியைக் கட்டிப் பிடித்து, வலதை உள்ளே திருப்பினாள், இடதை முன்னால் இழுத்தாள். நீ கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினாய். "இன்னும் ஸ்வல்ப... இன்னும்... ஸாகு ஸாகு." கொஞ்சம், போதும் என்கிற இரண்டையும் உன் அப்பா கன்னடத்தில்தான் சொல்வார். மற்ற எல்லாவற்றையும் தமிழில் சொல்கிற மனிதர் நம் வீட்டுப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் "ஸாகு" என்பார். அந்தச் சொல் உன் வாயிலிருந்து, அதே இழுவையோடு, அதே கை ஆட்டலோடு வந்தது.

அதற்குப் பிறகு கண்ணாடி. பக்கச் சுவரில் ஒலி எங்கே பட்டுத் திரும்புகிறது என்று கண்டுபிடிக்க, ஒருவர் நாற்காலியில் உட்கார வேண்டும், இன்னொருவர் சுவரை ஒட்டிக் கண்ணாடியைப் பிடித்தபடி நடக்க வேண்டும். உட்கார்ந்தவருக்கு எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அதுதான் இடம். முறை சரிதான். யமுனா தன் கைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நடந்தாள். நீ அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாய், அதற்குள் ஸ்பீக்கர் தெரிகிறதா என்று. அதைப் பிடித்திருந்தவளின் முகம் எப்படி வேர்த்திருந்தது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கடைசியில் தரையில் அடையாளம் வைக்க வேண்டும் என்றாய். "யமு, பொட்டு இருக்கா?" என்று கேட்டாய். அவள் பையில் தேடினாள், இல்லை. நெற்றியில் இருந்ததை உரித்து உன்னிடம் நீட்டினாள். நீ வாங்கி, இடது ஸ்பீக்கரின் மூலையில் தரையில் ஒட்டினாய். அவள் அம்மா, "ஏண்டி, நல்ல நாளும் அதுவுமா..." என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திக்கொண்டார்கள். சம்பந்தி வீட்டு ஆட்கள் நிற்கிறோமே. எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பால் காய்ச்சிய வீட்டில், கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண் வெறும் நெற்றியோடு நிற்க, அவள் பொட்டைத் தரையில் வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாயே, அப்போது உன்னை ஓங்கி ஒரு அறை விடலாமா என்று இருந்தது. நீ சின்னவனாக இருந்தபோதுகூட நான் உன்னை அடித்ததில்லை.

அறைவதற்குப் பதிலாக, பாத்திரத்தைக் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்க விட்டிருக்கிற யுட்டிலிட்டிக்குப் போனேன். யமுனா அங்கே வந்தாள். வாஷிங் மெஷினுக்கு விட்டிருக்கிற இடத்துக்கும் சுவருக்கும் நடுவில் கையால் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள். என்ன அளக்கிறாய் என்று கேட்டேன். அவளுடைய மேஜைக்காம். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற பெண். ஹாலில் ஜன்னலோரம் போடலாம் என்று நினைத்திருந்தாளாம், அங்கே போட்டால் சவுண்ட் கெடும் என்று நீ சொல்லிவிட்டாயாம். படுக்கையறையில் கட்டிலும் பீரோவும் போக இடமில்லையாம். "மெஷின் ஓடறப்ப மீட்டிங் வந்தா மியூட் போட்டுக்கறேன் ஆன்ட்டி, பரவால்ல," என்றாள். அவள் குரலில் வருத்தம்கூட இல்லை. "அவருக்கு மியூசிக்னா உயிருல்ல." "உனக்கு?" என்று அவளைக் கேட்டேன். சிரித்தாள். "நானா? நான் ஆபீஸ் கேப்ல போறப்ப ஹெட்ஃபோன் போட்டுக் கேப்பேன்." ஒக்கலிபுரத்தில், தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் ரயில் சத்தத்துக்கு நடுவில் படித்து, வேலைக்குப் போய், கம்பெனி காரின் பின்சீட்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த பெண். பாதி லோன் அவள் பெயரில் இருக்கிற வீட்டில் அவள் உட்காரத் துணி துவைக்கிற இடம்தான் மிச்சம் என்றால், நான் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். உன் அப்பா ஸ்பீக்கர் வாங்கியபோது நீ கைக்குழந்தை. உன் தாத்தா அரசாங்க உத்தியோகத்தில் இருந்து கட்டிய வீடு, சிவப்புத் தரை, நீளமான ஹால். அப்பா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நகர்த்துவேன். நீ கொஞ்சம் கனமான பிறகு உன்னைத் தரையில் விட்டுவிட்டு நகர்த்தினேன். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மூலையை விட்டு விலக்கி, காது மட்டத்துக்கு உயர்த்தி, உள்பக்கம் லேசாகத் திருப்பி. பருவம் மாறினால் மறுபடி. புது ஸிடி வந்தால் மறுபடி. தரையில் அடையாளத்துக்கு என் பொட்டு. வீடு துடைக்கும்போது பொட்டு கிளம்பி வந்துவிடும், உடனே "யாரு தொட்டது?" வீட்டில் வேறு யார் இருந்தார்கள், தொடுவதற்கு? நான் புதுப் பொட்டு ஒட்டுவேன். கல்லூரியில் இயற்பியல் படித்தவள் நான். ஒலியலையைப் பற்றிப் பரீட்சை எழுதித் தேறியவள். அந்த ஹாலில் எந்த மூலையில் மிருதங்கம் குமுறும், எந்தத் தூணுக்குப் பக்கத்தில் அது காணாமல் போகும், சமையலறை நிலைப்படியில் நின்றால் வயலின் ஏன் கீச்சிடும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த இடங்களில் எல்லாம் நான் நின்றிருக்கிறேன். நாற்காலி இருந்த அந்த ஓர் இடத்தைத் தவிர.

ஒரு நாள் அப்பா ஆபீஸுக்குப் போன பிறகு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பாடகி, ஒரு தம்பூரா, அவ்வளவுதான் அந்தப் பதிவில். நடுவில் பாட வேண்டியவள் ஜன்னல் பக்கம் ஒதுங்கி நின்று பாடினாள். முதலில் எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லையோ என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன். இடது ஸ்பீக்கர் வலதைவிட ஒரு சாண் முன்னால் இருந்தது. நான்தான் இழுத்து வைத்திருந்தேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக, "இன்னும் ஸ்வல்ப, இன்னும் ஸ்வல்ப" என்று அவர் சொல்லச் சொல்ல. கிட்டே இருக்கிற பெட்டியின் சத்தம் முந்திக்கொண்டு வரும், கூடவும் கேட்கும். பாட்டு அந்தப் பக்கம் சாயும். இது பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்.

சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், போடச் சொன்னார், கேட்டார். "நடுவுலதானே வருது," என்றார். இல்லை, ஜன்னல் பக்கம் வருகிறது என்றேன். அப்போது உன்னைக் கூப்பிட்டார். நீ ஒன்றாம் வகுப்பு. ஸ்கூல் டை கழற்றாமல் ஓடி வந்தாய். உன்னை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "டேய் கண்ணா, பாட்டு எங்கேர்ந்து வருது சொல்லு," என்றார். நீ கையை நீட்டி ஜன்னலைக் காட்டினாய். "அங்க. ஜன்னல்கிட்ட ஒரு ஆன்ட்டி பாடறாங்க." எனக்கு இன்றைக்கும் அந்தச் சின்ன விரல் கண்ணில் நிற்கிறது. சரியாகக் காட்டினாய். ஒரு விரற்கடை பிசகாமல் காட்டினாய்.

"நல்லா கேளு," என்றார் அப்பா. "கண்ண மூடிக்கோ. இப்ப சொல்லு." நீ கண்ணை மூடினாய், திறந்தாய். கேட்கவில்லை நீ. அவர் முகத்தைப் பார்த்தாய். முகத்தில் என்ன வேண்டியிருக்கிறது என்று பார்த்தாய். "நடுவுலப்பா," என்றாய். அவர் உன்னைத் தூக்கி முத்தம் கொடுத்தார். என்னைப் பார்த்து, "பாத்தியா? குழந்தைக்குத் தெரியுது," என்றார். நீயும் என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியலம்மா," என்றாய்.

அந்தக் குழந்தை மேல் எனக்குக் கோபம் கிடையாது. முத்தத்துக்காகக் குழந்தைகள் எதையும் சொல்லும். இருபத்தைந்து வயதாகியும் "நடுவுல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறவன் மேல்தான் கோபம். போன வருஷம் அப்பாவைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனது யார்? நீதான். இடது காது பாதிதான் கேட்கிறது, சின்ன வயதில் சீழ் வந்து செவிப்பறை கெட்டிருக்கிறது, இது இன்றைக்கு நேற்றைக்கு வந்தது இல்லை என்று டாக்டர் சொன்னதை வீட்டுக்கு வந்து எனக்கு விளக்கியது யார்? நீதான். காது மெஷினைக்கூட நீயே தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுத்தாய், பட்டாணி அளவு, வெளியே தெரியாத ரகம். அப்பா அதை ஒரே ஒரு நாள் போட்டுவிட்டு டிவி அலமாரியில் வைத்தார், இன்னும் அங்கேதான் இருக்கிறது. அன்றைக்கு நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது இவனுக்கு உறைக்கும், இப்போது என்னிடம் திரும்பி, "அம்மா, நீ அன்னிக்கு சொன்னியே," என்பான் என்று காத்திருந்தேன். நீ சாப்பாடு போடச் சொன்னாய்.

உறைக்கவே இல்லை உனக்கு. அதற்கான காரணத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். அம்மா சொன்னது என்று ஒன்று உன் மனதில் பதிந்தால்தானே, டாக்டர் சொன்னதோடு அதைச் சேர்த்துப் பார்ப்பாய்? அது பதியவே இல்லை. அம்மாவுக்குக் கேட்கத் தெரியாது என்பதுதான் பதிந்தது. அதனால்தான் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வந்து, நம் ஹாலில் மண்டிபோட்டு, என் பொட்டுக்கும் பொட்டுக்கும் இடையே அளந்து, போனில் குறித்துக்கொண்டு போனாய். "அப்பா செட்டிங்கை அப்படியே போடப்போறேன்," என்றாய், பெருமையாக. அப்பாவுக்கும் பெருமை. ஒரு மனிதர் தன் காதில் மாட்ட வேண்டிய மெஷினை வீட்டுக்கு மாட்டி வைத்திருந்தார், திலீப். வீடு முழுக்க அவருடைய இடது காதுக்காக ஒரு சாண் கோணியிருந்தது. அதை அளந்துகொண்டு போய், இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற நீ, நன்றாகக் கேட்கிற ஒரு பெண்ணைக் கொண்டு, உன் வீட்டிலும் கோணலாக வைத்தாய்.

நேற்று யமுனா சொன்னாளே. பொட்டு ஒட்டிய பிறகு நீ மறுபடி உட்கார்ந்து பாட்டுப் போட்டபோது, நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "லெஃப்ட்லேர்ந்து வர மாதிரி இருக்கே?" என்றாள். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இல்ல யமு, நடுவுலதான் வருது. நீ நின்னுட்டிருக்க, அதான். போகப் போகப் பழகிடும்." அப்புறம் அப்பாவை உட்காரச் சொன்னாய். அவர் உட்கார்ந்தார், கண்ணை மூடினார், "கரெக்ட்டா நடுவுல வருதுடா," என்றார். வராமல் என்ன? அவர் காதுக்கு அளந்து வைத்த சாண் அல்லவா அது. நீங்கள் இரண்டு பேரும் கையடித்துக்கொண்டீர்கள். யமுனா தலையைச் சாய்த்து இன்னொரு முறை கேட்டுப் பார்த்தாள். பிறகு உங்கள் முகங்களைப் பார்த்தாள். பிறகு, "ஆமா, நடுவுலதான் போல," என்றாள். ஒன்றாம் வகுப்புப் பையனின் முகத்தை நான் மறுபடி ஒருமுறை பார்த்தேன், இந்தத் தடவை நெற்றியில் பொட்டு இல்லாத ஒரு பெண்ணிடம்.

அப்பா நல்லவர்தானேம்மா என்று நீ சொல்வாய். நல்லவர்தான். குடித்ததில்லை, கையை ஓங்கியதில்லை, என் சம்பளத்தில் கணக்குக் கேட்டதில்லை. நல்லவர்களோடு வாழ்கிறவர்களுக்குக் கோபப்படவே இடம் கிடைப்பதில்லை. அதுதான் பெரிய தொல்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய், என் வீட்டுக்காரர் இடது ஸ்பீக்கரை முன்னால் வைக்கச் சொல்கிறார் என்று அழ முடியுமா? சிரிப்பார்கள். நீயும் இப்போது சிரிக்கலாம். ஆனால் நினைத்துப் பார். ஒரு வீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், ஒருவர் நகர்த்துகிறார். நகர்த்துகிறவர் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நிற்பதால் அவருக்கு அந்த ஒரு ஸ்பீக்கர்தான் கேட்கும். சரியா, தப்பா என்று உட்கார்ந்திருப்பவர்தான் சொல்ல முடியும். அதனால் நகர்த்துகிறவருக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடுகிறது. கொஞ்ச நாளில் அவரே அதை நம்பவும் ஆரம்பித்துவிடுகிறார். மற்றப் பெண்களைப் பற்றி எனக்குத் தெரியாது, என்னைப் பற்றித் தெரியும். நான் நம்பவில்லை. பேசாமல் இருந்தேனே தவிர, ஒரு நாளும் நம்பவில்லை. யமுனா நம்பிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. அவள் என்னைவிட இளகின மனசுக்காரி.

உன்னை விட்டுவிடுவதாக இல்லை, அதனால் ஸ்பீக்கரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பெட்டியும் உட்காருகிறவரிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். பெட்டிக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியும் ஏறக்குறைய அதே அளவு. பின்சுவரோடு ஒட்டாதே, மூலைக்குள் தள்ளாதே, தாளம் எல்லாம் வீங்கிப்போகும். பால்கனிக் கண்ணாடிக் கதவுக்குக் கனமான திரை போடு. வழவழவென்று டைல்ஸ் போட்ட தரையில் ஒரு கம்பளமாவது விரி. அப்புறம், ஹாலில் ஜன்னலோரம் யமுனாவின் மேஜை இருந்தால் சவுண்ட் கெடும் என்றாயே, அது பொய். வெறும் சுவர்தான் ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும். மேஜை, மேலே புத்தக அலமாரி, நாற்காலியில் தொங்குகிற துப்பட்டா, இதெல்லாம் இருந்தால் ஒலி சிதறும், அடங்கும், காதுக்கு இதமாக இருக்கும். ஆள் புழங்குகிற ஹாலில் பாட்டு நன்றாகக் கேட்கும். நம் வீட்டில் அப்பா, எதிரொலி வருகிறது என்று ஒவ்வொரு சாமானாக அப்புறப்படுத்தியும் எதிரொலி நின்றபாடில்லை. அன்றைக்கே சொன்னேன். அன்றைக்கு யார் கேட்டது?

நேற்று வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் என்று சொல்லி முடிக்கிறேன். காரில் முன்சீட்டில் உட்கார்ந்து, "பையன் ஜம்முனு செட் பண்ணியிருக்கான்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் அப்பா. வீட்டுக்குள் நுழைந்து அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். புடவைகூட மாற்றவில்லை. அந்தப் பாடகியைப் போட்டேன். ஜன்னல் பக்கம் நின்றுகொண்டுதான் பாடினாள், இத்தனை வருஷமாக நின்ற அதே இடத்தில்.

"என்ன, அதிசயமா இருக்கு," என்றார்.

"இடது பக்கத்த பின்னால தள்ளுங்க," என்றேன்.

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார். காபி போடவில்லையா என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினேன். அப்புறம் ஸ்பீக்கர் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. முதுகு வலிக்காரர், மெதுவாகத்தான் தள்ளினார். இன்னும் ஸ்வல்ப என்றேன். தள்ளினார். இன்னும். பாடகி ஜன்னலை விட்டு நகர்ந்தாள். திரைச்சீலையைத் தாண்டினாள். காலண்டரைத் தாண்டினாள். எனக்கு நேர் எதிரே வந்து, தம்பூராவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"ஸாகு," என்றேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், நான் வழக்கமாக நிற்கிற இடத்தில், கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு நின்றார். தலையை அப்படியும் இப்படியும் திருப்பினார். "இங்கேர்ந்து ஒண்ணுமே தெரியலையே," என்றார்.

"ஆமா. தெரியாது," என்றேன்.

பாட்டு முடிகிறவரை அங்கேயே நின்றார். அதற்குப் பிறகு காபியும் அவரேதான் போட்டார், சர்க்கரை போடாமல். இன்று காலை அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, பாட்டு வலப்பக்கமாகச் சாய்கிறது என்று முணுமுணுத்தார். மெஷின் அலமாரியில் இருக்கிறது, எடுத்து மாட்டிக்கொண்டால் நடுவுக்கு வந்துவிடும் என்று சொல்லிவிட்டு நான் இதை எழுத உட்கார்ந்தேன். மாட்டினாரா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அது அவர் பாடு.

என் கோபம் இதோடு தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். அதற்குள் தரையில் ஒட்டிய பொட்டை எடுத்துப் போடு. யமுனாவை நாற்காலியில் உட்கார வைத்து, நீ ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று, பாட்டு எங்கிருந்து வருகிறது என்று அவளைக் கேள். அவள் பதில் சொல்வதற்கு முன்னால் உன் முகத்தைப் பார்ப்பாள். அப்போது நீ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள். அவள் வாயிலிருந்து ஒரு இடம் வரும்வரை திரும்பாதே. எங்கே என்று அவள் சொல்கிறாளோ அங்கிருந்து ஆரம்பித்து, அவள் போதும் என்கிறவரை நகர்த்து. ஆனால் இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் அவள் மேஜையைக் கொண்டுவந்து ஹாலில் ஜன்னலோரம் போடு.

முதலில் மேஜை. ஸ்பீக்கர் அதற்குப் பிறகு.

அம்மா